கிரெடிட் கார்டு ஆஃபரை நம்ம ஊர் வட்டிக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்

கிரெடிட் கார்டு எடுக்கலாமா, எடுத்தால் எந்த பேங்க் கார்டு நல்லது என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுவீர்களா, இல்லை கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவீர்களா? இதற்கு உண்மையான பதில் தெரியாமல் கேஷ்பேக், ரிவார்டு பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்ச் (ஓய்வறை) என்று எதை வைத்து ஒப்பிட்டாலும் வீண்தான். முழுதாகக் கட்டுகிறவருக்கு ஒரு கணக்கு, தள்ளுகிறவருக்கு முற்றிலும் வேறு கணக்கு. விளம்பரம் பேசுவது முதல் ஆளிடம். வட்டி வருமானம் வருவது இரண்டாவது ஆளிடமிருந்து.

இதை நான் எழுதுவது குமரி மாவட்டத்தில் இப்போதுதான் முதல் கார்டைப் பற்றி யோசிக்கிறவர்களுக்காக. நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள், மார்த்தாண்டத்தில் சின்னதாகக் கடை போட்டிருப்பவர்கள், வளைகுடாவிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பும் பணத்தில் மொத்தக் குடும்பத்தையும் நடத்தும் பெண்கள், இவர்களிடம்தான் இப்போது கார்டு விற்பவர்கள் அதிகம் வருகிறார்கள். ஜவுளிக்கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், போனில் கூப்பிடுவார்கள், "லைஃப்டைம் ஃப்ரீ, ஆதாரும் பேனும் மட்டும் போதும்" என்பார்கள். வீட்டில் பெரியவர்களும் "சும்மாதானே தாறான், வாங்கி வச்சா என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். வாங்கி வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் சிலதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் கார்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். டெபிட் கார்டில் தேய்த்தால் உங்கள் கணக்கில் இருக்கும் உங்கள் பணம் அந்த நிமிடமே போகும். கிரெடிட் கார்டில் வங்கியின் பணம் போகிறது, நீங்கள் பிறகு கட்டுகிறீர்கள், அதாவது அது கடன். மாதத்தில் ஒரு தேதியில் ஸ்டேட்மென்ட் போடுவார்கள், அதுவரை செலவழித்தது எல்லாம் அதில் வரும். அதிலிருந்து பொதுவாக இருபது நாள் அளவில் ஒரு கெடு தேதி இருக்கும். உதாரணத்துக்கு ஸ்டேட்மென்ட் தேதி ஒவ்வொரு மாதமும் 12, கெடு அடுத்த மாதம் 1 என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 13ஆம் தேதி ஒரு பொருள் வாங்கினால் அது ஆகஸ்ட் 12 ஸ்டேட்மென்டில் வந்து, செப்டம்பர் 1இல் கட்டினால் போதும். 50 நாள் வட்டியில்லாமல் கிடைக்கிறது. அதே பொருளை ஆகஸ்ட் 12ஆம் தேதி வாங்கினால் கிடைப்பது 20 நாள்தான். "50 நாள் வரை வட்டியில்லை" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதில் "வரை" என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பெரிய செலவு ஏதாவது இருந்தால் ஸ்டேட்மென்ட் தேதி முடிந்த மறுநாள் வாங்குவது நல்லது, அவ்வளவுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

இந்த வட்டியில்லாத சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டேட்மென்டில் இருக்கும் மொத்தத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் கட்டினால் சலுகை மீதித் தொகைக்கு மட்டும் போவதில்லை, மொத்தத்துக்கும் போய்விடும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தங்கை இருக்கிறாள், தக்கலைப் பக்கம் தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். ஒரு நாள் ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, நான் ரூபாய் கட்டினேன், ஆனா கடன் குறையாம கூடியிருக்கு, இது எப்படி?" என்று கேட்டாள். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை ரவுண்டாக்கித் தருகிறேன். ஜூலை 20 அன்று 30,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ். ஆகஸ்ட் 12 ஸ்டேட்மென்டில் மொத்தத் தொகை 30,000, பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் "மினிமம் டியூ 1,500", அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. கையில் வேறு செலவு இருந்தது, 1,500 கட்டினால் போதும் என்று தானே எழுதியிருக்கிறது என்று செப்டம்பர் 1ஆம் தேதி அதை மட்டும் கட்டினாள்.

செப்டம்பர் 12 ஸ்டேட்மென்டில் என்ன வரும்? வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நம் நாட்டுக் கார்டுகளில் சகஜமான அளவுதான். வட்டி செப்டம்பர் 1லிருந்து ஓடாது, ஃபிரிட்ஜ் வாங்கிய ஜூலை 20லிருந்தே ஓடும். ஜூலை 20 முதல் செப்டம்பர் 1 வரை 43 நாளைக்கு முழு 30,000 ரூபாய்க்கும் வட்டி 1,484 ரூபாய். அப்புறம் மீதி 28,500க்கு செப்டம்பர் 12 வரை 11 நாளைக்கு 361 ரூபாய். ஆக வட்டி 1,845. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 332 ரூபாய். எல்லாம் சேர்த்து 2,177. அவள் கட்டியது 1,500, ஏறியது 2,177. முதல் பில்லில் 30,000 என்று இருந்த கடன் இப்போது 30,677. கட்டிய பிறகும் கடன் கூடியது இப்படித்தான். அடுத்த மாதத்து மினிமம் தொகையில் இந்த வட்டியும் வரியும் சேர்ந்துகொள்ளும், அதனால் அதுவும் 1,500லேயே நிற்காது, பெரிதாகும்.

அதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும் வரைக்கும் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. செப்டம்பர் மாதம் மளிகைக்கு 3,000 ரூபாய் கார்டில் தேய்த்தால் அன்றிலிருந்தே அரிசிக்கும் பருப்புக்கும் வட்டி ஓடும். பாக்கி மொத்தமும் தீர்ந்த பிறகுதான் பழைய சலுகை திரும்பும். ஆகையால் ஒரு மாதம் தவறிவிட்டது என்றால், அது தீரும் வரை அந்தக் கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையில் இருக்கும் பணத்தில் செலவழியுங்கள் என்றுதான் அவளிடமும் சொன்னேன்.

சதவீதத்தில் சொன்னால் நமக்கு இது உறைக்காது. நம்ம ஊரில் வட்டியை யாரும் சதவீதத்தில் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. கார்டின் 3.5 சதவீதத்தை அப்படிப் பார்த்தால் மூன்றரை வட்டி, ஜிஎஸ்டியும் சேர்த்தால் 4.13, அதாவது நாலு வட்டிக்கு மேல். அக்கம்பக்கத்தில் ஒருவர் நாலு வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஐயோ, வேண்டாம், நகையைக் கொண்டு பேங்கில் வையுங்கள்" என்போம். அதே அறிவுரை இங்கேயும் பொருந்தும். வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கிறது, ஊர்க்கணக்கில் அது முக்கால் ரூபாய், எண்பது காசு வட்டி. நாலு வட்டிக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு வளையலை அலமாரியில் வைத்திருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தத் தங்கை கடைசியில் செய்ததும் இதுதான், ஒரு செயினை வைத்துக் கார்டு பாக்கியை ஒரே அடியாக அடைத்தாள், நகைக்கடனை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி மீட்டாள். நகை இல்லாதவர்கள் பேங்கிடமே கேட்டு அந்தப் பாக்கியை இஎம்ஐயாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கான வட்டி கார்டு வட்டியை விட நன்றாகக் குறைவாக இருக்கும்.

2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே மேலே வரம்பு என்று இப்போது ஒன்றும் இல்லை, பார்த்து எடுப்பது நம் பொறுப்பு.

சரி, நீங்கள் முழுதாகக் கட்டுகிறவர் என்றே வைத்துக்கொள்வோம். இப்போதுதான் ஆஃபர்களை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஒப்பிட வேண்டியது கார்டையும் கார்டையும் அல்ல, கார்டையும் உங்கள் வீட்டுச் செலவையும். ஒரு நோட்டை எடுத்து போன மாதம் எதற்கு எவ்வளவு போனது என்று எழுதுங்கள், பேங்க் ஆப்பைப் பார்த்தாலே பாதி கிடைத்துவிடும். நாகர்கோவிலில் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மாதச் செலவு 35,000 என்று எடுத்துக்கொண்டால் அதில் வீட்டு வாடகை இருக்கும், அதை வீட்டுக்காரரின் கணக்குக்கு அனுப்புவோம். மீனும் காய்கறியும் சந்தையில், பாதி நேரம் ரொக்கம்தான். பஸ், ஆட்டோ, கோயில், சர்ச், கல்யாண மொய் எதற்கும் கார்டு கிடையாது. மிச்சம் இருப்பது மளிகை, பெட்ரோல், போன் ரீசார்ஜ், இன்டர்நெட், கரண்டு பில், ஆன்லைனில் வாங்குவது. எல்லாம் சேர்த்து 12,000 வந்தால் பெரிது. இந்த 12,000தான் உங்கள் கார்டுக்கு உண்மையான அளவு. ஆஃபரை இதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கார்டு 1 சதவீதம் கேஷ்பேக் தருகிறது, ஆண்டுக் கட்டணம் 999. இன்னொரு கார்டு அரை சதவீதம்தான் தருகிறது, கட்டணம் கிடையாது. பார்த்த உடனே முதலாவதுதான் நல்லது என்று தோன்றும். 12,000க்கு 1 சதவீதம் 120 ரூபாய், ஆண்டுக்கு 1,440. கட்டணம் 999க்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 1,179. கையில் மிஞ்சுவது 261 ரூபாய். இரண்டாவதில் மாதம் 60, ஆண்டுக்கு 720, கழிக்க ஒன்றும் இல்லை. இந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது கார்டுதான் லாபம். மாதம் 40,000 கார்டிலேயே செலவழிக்கிறவருக்கு இதே கணக்குத் தலைகீழாக மாறும். அதனால்தான் "எது நல்ல கார்டு" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கொக்கி உண்டு. "ஆண்டுக்கு 1,50,000 செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி" என்பார்கள். மேலே சொன்ன குடும்பத்தின் கார்டுச் செலவு ஆண்டுக்கு 1,44,000. வெறும் 6,000தான் குறைகிறது என்று பிப்ரவரி மாதம் ஒரு மெசேஜ் வரும், உடனே கடைக்குப் போய் வேண்டாத பொருளை வாங்கத் தோன்றும். 1,179 ரூபாயை மிச்சப்படுத்த 6,000 செலவழிக்கக் கூடாது. எப்படியும் கட்ட வேண்டிய பைக் இன்ஷூரன்ஸ், அடுத்த வருடத்து போன் ரீசார்ஜ் என்று ஏதாவது இருந்து, அதை அந்தக் கார்டு செலவுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றால் முன்கூட்டிக் கட்டலாம், இல்லாவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிட்டு அடுத்த ஆண்டு கார்டை மாற்றிக்கொள்ளலாம்.

ரிவார்டு பாயின்டைக் காசாக மாற்றிப் பார்க்காமல் நம்பவே கூடாது. "100 ரூபாய்க்கு 2 பாயின்ட்" என்றால் 2 சதவீதம் என்று மனது தானாகக் கணக்குப் போட்டுவிடும். ஒரு பாயின்டின் மதிப்பு 25 காசு என்றால் அது அரை சதவீதம்தான். பாயின்டை மாற்றுவதற்கே ஒரு கட்டணம் வாங்கும் கார்டுகள் உண்டு, இரண்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும் பாயின்டும் உண்டு. வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, சில கார்டுகளில் நகை, கரண்டு பில், இவற்றுக்குப் பாயின்டே கிடையாது என்று நிபந்தனையில் இருக்கும். வடசேரியில் நகை எடுக்கும்போது நிறையப் பாயின்ட் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு கார்டை நீட்டுவதற்கு முன் அந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

லவுஞ்ச் சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, திருவனந்தபுரம்தான் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை அண்ணனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தச் சலுகை எதற்கு? அதற்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டாம்.

பெட்ரோல் சலுகையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பங்கில் கார்டு தேய்த்தால் 1 சதவீதம் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) பிடித்துத் திருப்பித் தருவது வழக்கம், ஆனால் ஒரு தடவைக்கு 400 அல்லது 500 ரூபாய்க்குக் குறையாமல் அடித்திருக்க வேண்டும் என்று கீழ் வரம்பு இருக்கும். பைக்குக்கு இருநூறுக்கு அடிக்கிறவருக்கு அது கிடைக்காது. பெட்ரோல் கம்பெனி பெயரிலேயே வரும் கார்டுகளும் உண்டு. பாரத் பெட்ரோலியம், எஸ்பிஐ சேர்ந்து தரும் கார்டு அப்படி ஒன்று. இந்த வகைக் கார்டு உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கம்பெனி பங்க் இருந்தால் மட்டும் பயன்படும், சலுகைக்காக நாலு கிலோமீட்டர் சுற்றிப் போனால் பெட்ரோலில் போய்விடும். ஆன்லைன் கடைப் பெயரில் வரும் கார்டுகளுக்கும் இதே நியாயம்தான். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, அமேசானில் வாங்கினால் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதம், உறுப்பினர் அல்லாதவருக்கு 3. ஏற்கனவே அங்கே வாங்குகிறவருக்கு இது நல்லது. இந்த 5 சதவீதத்துக்காகவே பிரைம் சந்தா கட்டுவது என்றால் முதலில் சந்தாவைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு நிஜமாகவே தோதானது ரூபே கிரெடிட் கார்டு (விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம் நாட்டுக் கார்டு வகை). அதை யுபிஐ ஆப்பில் இணைத்து கடையின் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்டலாம், கார்டு மெஷின் தேவையில்லை. திங்கள்சந்தையில் ஒரு பலசரக்குக் கடையிலோ தோவாளையில் பூ வாங்கும்போதோ மெஷின் இருக்காது, க்யூஆர் இருக்கும். அது வணிகக் கணக்கின் க்யூஆராக இருக்க வேண்டும், தனிநபர் கணக்காக இருந்தால் போகாது. நண்பருக்குப் பணம் அனுப்பவும் முடியாது. சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் பிடிப்பதில்லை, ஆகையால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் இதில் கவனமும் வேண்டும். டீக்கும் வடைக்கும் ஸ்கேன் செய்து ஸ்கேன் செய்து மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் இரண்டு பக்கத்துக்கு வரும், எது எதற்குப் போனது என்றே தெரியாது.

பார்ப்பதற்கு ஆஃபர் மாதிரி இருந்து செலவாக முடியும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நோ காஸ்ட் இஎம்ஐ என்று 24,000 ரூபாய் போனை மாதம் 4,000 வீதம் ஆறு மாதத்துக்கு எடுக்கிறீர்கள். பேங்க் வட்டி போடாமல் இல்லை, வட்டித் தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார், நீங்கள் கட்டும் தவணையில் வட்டி ஒளிந்திருக்கும். 15 சதவீத வட்டி என்றால் இதில் வட்டி சுமார் 1,016 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 183 உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 418 ரூபாய் கூடுதல். ஒரே தடவையாகக் கட்டினால் கடையில் ஏதாவது குறைப்பார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, போதாக்குறைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. இங்கே எடுத்த கார்டை துபாயிலோ கத்தாரிலோ தேய்த்தால் பல கார்டுகளில் வெளிநாட்டுப் பணத்தை மாற்றுவதற்கு மார்க்கப் என்று 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அதற்கு மேல் வரி. வெளிநாடு போகும் பிள்ளைக்குக் கார்டு கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள். ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே வீட்டில் இன்னொருவருக்கு வாங்கித் தரும் கார்டு) யார் கையில் இருந்தாலும் கடன் உங்கள் பெயரில்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு ஓரளவு எளிது. குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் வருமானம் அப்படி வருவதில்லை, அதைப் பேசாமல் கார்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது சரியில்லை. நம் கடற்கரை கிழக்கு, மேற்கு என்று இரண்டு கடலோரங்களிலும் வருகிறது. சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு மழை பிடித்தால் வேலை இல்லை, இலை உதிரும் காலத்திலும் வெட்டு நிற்கும். கார்டின் கெடு தேதிக்கு இது எதுவும் தெரியாது, மாதாமாதம் அதே தேதியில் வந்து நிற்கும். அதனால் இந்த வீடுகளில் கார்டு எடுப்பதற்கு முன்னால் வருமானம் இல்லாத மாதங்களுக்கான தொகையைத் தனியாக ஒதுக்க ஆரம்பிக்க வேண்டும். மாதம் 20,000 செலவு, இரண்டு மாதம் படகு ஓடாது என்றால் தேவை 40,000. மற்றப் பத்து மாதத்தில் 4,000 வீதம் பேங்கில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் தடைக்காலம் வரும்போது அந்தப் பணம் கையில் இருக்கும். சீட்டு போடுகிறவர்கள் பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்துப் போடுங்கள். இந்தத் தொகை சேரும் வரை கார்டை எடுத்தால், ஜூன் மாதம் அரிசி வாங்க அந்தக் கார்டுதான் வெளியே வரும், அப்புறம் மேலே சொன்ன நாலு வட்டிதான்.

சம்பளக்காரர்கள் ஒன்று செய்யலாம். சம்பளம் 1ஆம் தேதி வருகிறது, கெடு தேதி 27 என்றால் எப்போதும் திண்டாட்டம்தான். பில் தேதியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் வசதியைக் கார்டுதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சம்பளம் வந்து நாலைந்து நாளில் கெடு வரும்படி மாற்றிக்கொண்டு, மொத்தத் தொகைக்கு ஆட்டோ டெபிட் (பேங்க் கணக்கிலிருந்து தானாகவே பில் கட்டும் ஏற்பாடு) கொடுத்துவிடுங்கள். ஆட்டோ டெபிட் படிவத்தில் "மொத்தத் தொகை", "மினிமம் தொகை" என்று இரண்டு இருக்கும், தவறியும் இரண்டாவதை டிக் செய்துவிடாதீர்கள். ஒரு நாள் மறந்துபோனாலும் பதற வேண்டாம், கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் பீரோவுக்கும் (நம் கடன் விவரத்தைப் பதிந்து வைக்கும் கம்பெனி) தெரிவிக்கலாம் என்பது விதி. அந்த மூன்று நாளுக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள்.

சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 300லிருந்து 900 வரை போகும், 750க்கு மேல் இருந்தால் வீட்டுக்கடனுக்கு நல்லது. கெடு தவறாமல் கட்டுவதுதான் அதில் பெரிய பங்கு. அடுத்தது லிமிட்டில் (கார்டில் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை) எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது. 50,000 லிமிட் என்றால் ஸ்டேட்மென்டில் 15,000க்குள் இருப்பது நல்லது, கூடுதலாகப் போனால் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிக் குறைத்துவிடலாம். ஒரே மாதத்தில் நாலு பேங்கில் விண்ணப்பிக்காதீர்கள். சம்பளச் சீட்டு இல்லாததால் கார்டு கிடைக்காதவர்கள் பேங்கில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கலாம், டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், ஸ்கோரும் வளரும். நான் பார்த்தவரை கடை வைத்திருப்பவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் முதல் கார்டாக இதுதான் பொருத்தம். ஆண்டுக்கு ஒரு தடவை ரிப்போர்ட் இலவசமாகக் கிடைக்கும், சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு கம்பெனியிடமும் தனித்தனியாக வாங்கிப் பார்க்கலாம், அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பாக்கி கட்ட முடியாமல் போய், பாதி கட்டு, மீதியைத் தள்ளிவிடுகிறோம் என்று செட்டில்மென்ட் பேசினால், அது ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று பதிந்துவிடும், பிறகு கடன் கேட்கும்போது தடையாக நிற்கும். வசூலுக்கு ஆள் வைத்துப் பேசுகிறார்கள் என்றால் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

பாயின்ட் காலாவதியாகப் போகிறது, லிமிட்டைக் கூட்டித் தருகிறோம் என்று போனில் ஓடிபி கேட்டால் அது திருட்டுதான். பணம் போய்விட்டால் முதலில் கார்டை பிளாக் செய்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பேங்குக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்து, உங்கள் பக்கமும் பேங்க் பக்கமும் தப்பில்லை என்றால் நஷ்டம் உங்களுக்கு வராது.

கேட்காமலே கார்டு அனுப்பினால்? அப்படி அனுப்பக் கூடாது என்று 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. அனுப்பி, பில்லும் போட்டால் அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். விண்ணப்பிக்கும்போது வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே பக்கத்தில் போட்ட முக்கியத் தகவல் தாளைக் கொடுக்க வேண்டும். கடை வாசலில் மேசை போட்டிருக்கும் பையனிடம் அந்த ஒரு பக்கத்தைக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் நோட்டை வைத்து ஒப்பிடுங்கள், மறுநாள் விண்ணப்பித்தாலும் கார்டு கிடைக்கும். அதில் "லைஃப்டைம் ஃப்ரீ" என்று இருக்கிறதா, "முதல் ஆண்டு ஃப்ரீ" என்று இருக்கிறதா என்று பாருங்கள், வாயில் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேண்டாத கார்டை மூடுவதும் உங்கள் உரிமை. பாக்கியைத் தீர்த்துவிட்டு ஆப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கேளுங்கள், வெறும் போனோடு விடாதீர்கள். கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், மூடாவிட்டால் அதற்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். "இன்னும் நல்ல ஆஃபர் தருகிறோம், மூடாதீர்கள்" என்று கூப்பிட்டுக்கொண்டே நாளைக் கடத்தினால் அந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் பேங்க் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது, அதற்கென்று சென்னைக்குப் போகவும் வேண்டாம். விவரம் கேட்க 14448க்குப் போன் செய்தால் போதும். மூடிய ஒன்றிரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து அந்தக் கார்டுக்கு நேரே "குளோஸ்டு" என்று வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.